பஷீர் அண்ணனும் சிங்கப்பூர்ப் பெட்டியும்

பீளமேட்டில் என் அக்கா பங்காரம்மா வீட்டில் பஷீர் அண்ணன் பதினெட்டு வருஷம் கார் ஓட்டினார். கோட்டைமேட்டுக்காரர். தெரியாத ஊரில் சீட்டில் உட்கார்ந்தபடி யாரிடமும் வழி கேட்கமாட்டார். எஞ்சினை அணைத்து, இறங்கிப் போய், "ஏனுங்க" என்று ஆரம்பித்து, அந்த ஊர் மழைதண்ணி வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். உட்கார்ந்திருக்கும் எங்களுக்குப் பொறுமை போய்விடும். ஆனால் வழி தவறினோம் என்று ஒரு நாள்கூட வண்டியைத் திருப்பியதில்லை.

தொண்ணூற்றெட்டில் அக்கா மகன் தேஜா சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்தான். வரும்போதே வழி சொல்லும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து புதுக் காரில் பொருத்தினான். நம் பக்கத்து ரோடுகளைப் பெங்களூரில் யாரோ அதற்குள் ஏற்றிக் கொடுத்தார்களாம். அது விற்ற விலைக்கு அரை கார் வாங்கியிருக்கலாம். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரி பேசுவாள். நாலு நாள் அவள் பேச்சைக் கேட்டான். "ஒண்ணாந்தேதியிலிருந்து நானே ஓட்டிக்கறேன். டிரைவர் எதுக்கும்மா?" என்றுவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருஷந்தான் பஷீர் அண்ணன் மகள் ஹுமேராவைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருந்தார்.

"இந்த வயசுல எனக்கு ஆருங்கம்மா வேலை குடுப்பாங்க?" என்றார் என்னிடம். தெரிந்த நாலு வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தேஜாவுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டோம். கிணத்துக்கடவு தாண்டிக் கோவில்பாளையம். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை வாசல்படி ஏறியாக வேண்டும். அக்காவும் நானும் பஷீர் அண்ணனோடு பழைய அம்பாசடரில் ஏறினோம். தேஜா புதுக் காரில் தனியாக.

"தம்பி, எம் பின்னாலயே வந்துருங்க" என்றார் அவர்.

"கோவில்பாளையந்தானே? பெட்டி காட்டும். நீங்க போங்க."

மூன்று மணிக்கெல்லாம் நாங்கள் பெண் வீட்டில் இருந்தோம். மூன்றேகாலுக்குப் போன் அடித்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து தேஜா! ஊருக்கு வந்துவிட்டானாம், பெண்ணின் அப்பா வெங்கடபதியை அங்கே யாருக்கும் தெரியவில்லையாம். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பஷீர் அண்ணன் போனை வாங்கினார்.

"தம்பி, கணபதி தாண்டியா வந்தீங்க?"

"ஆமாண்ணா."

"அட ஆண்டவனே! நீங்க நிக்கறது சத்தி ரோட்டுக் கோவில்பாளையமுங்க. வடக்கால போயிட்டீங்க. நாங்க தெக்கால, பொள்ளாச்சி ரோட்டுல இருக்கோம். ஆரையும் கேக்கலீங்களா?"

கேட்டிருக்கிறான். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "கோவில்பாளையமா?" என்று மட்டும். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் பக்கம் ஒரே பேரில் எத்தனை பாளையம்! ஒரு கோவில்பாளையத்தோடு பெட்டி நிறுத்திக்கொண்டது.

"டவுனுக்குள்ள போயிராதீங்க, மாட்டிக்குவீங்க. காளப்பட்டி வழியா அவிநாசி ரோட்டுக்கு வாங்க. அதைத் தாண்டி இருகூர். அங்கிருந்து தெக்கால செட்டிபாளையம். அங்க எறங்கி ஒருத்தரைக் கேட்டுப்போட்டு மேக்கால திரும்புங்க, பொள்ளாச்சி ரோடு வந்துரும். அதுல தெக்கால கிணத்துக்கடவு தாண்டி வாங்க. அந்தப் பொட்டிய அமத்திருங்க."

அப்புறம் ஒரு மணி நேரம் எனக்கு உயிரே இல்லை. அக்கா சாமியைக் கும்பிட்டாள். பஷீர் அண்ணன் ரோட்டோரமே நின்றார். நாலு இருபத்திரண்டுக்குப் புதுக் கார் புழுதியோடு வந்து நின்றது. ஐயோ, நான் கைதட்டியே விட்டேன்!

காபி கொண்டுவந்த பெண் நவ்யா, "பொட்டி நல்லா வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டாள். எல்லாருக்கும் சிரிப்பு.

"தண்டமுங்க. பஷீர் அண்ணன்தான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தாரு" என்றான் தேஜா. அந்த இடத்தில்தான் பெண்ணுக்கு அவனைப் பிடித்தது என்று பின்னால் தெரிந்தது.

கிளம்பும்போது பஷீர் அண்ணனிடம் புதுக் கார் சாவியை நீட்டினான். "அண்ணா, என்னை மன்னிச்சிருங்க. ஒண்ணாந்தேதியும் நீங்கதான் வரணும்."

அவர் கையை நீட்டவில்லை. "வாரேனுங்க தம்பி. ஆனா ஒரு வண்டில ரண்டு பேரு வழி சொல்லப்படாதுங்க. மொதல்ல அதைக் கழட்டுங்க."

தேஜா மாமனார் வீட்டிலேயே ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கினான்.