கம்ப்யூட்டருக்குப் போட்ட சாமந்தி மாலை

இன்று என் பேத்தி கவிதா வேலை பார்க்கும் பீனியா தொழிற்பேட்டை ஃபேக்டரிக்குப் போயிருந்தேன்.

அங்கே ஓடும் மிஷின்களை எல்லாம் கவனித்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதை இரும்பு அலமாரிக்குள் திருகி மாட்டி, ஒயர் கொடுத்து ஓடவிட்டது எங்கள் கவிதா. முதல்முறையாகத் தனியாகச் செய்த வேலை. பூஜைக்கு வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஓனர் கன்னடக்காரர், பக்தி அதிகம். மஞ்சள் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டரின் முகமே மறையும்படி தடியான சாமந்தி மாலையைப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஃபேன் இரைய ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கவிதா என் காதில், "ஆயா, அது முன்பக்கமாத்தான் காத்து இழுக்கும். மாலை அடைச்சிக்கிச்சு. சூடாகி நின்னுபோனா என் வேலையத்தான் குறை சொல்வாங்க" என்றாள்.

"எடுத்துடேன்டி."

அவள் தயங்கித் தயங்கி ஓனரிடம் கேட்டாள். "பேடம்மா, பேடா! ஈகதானே ஹாகிதீவி. அபசகுன!" என்று பதறினார். போட்ட உடனே மாலையை எடுக்கக் கூடாதாம்.

நான் முன்னால் போய், மாலைக்கு நேராகக் கையேந்தி, பூஜைதான் முடிந்ததே, பிரசாதம் கொடுங்கள் என்று கன்னடத்திலேயே கேட்டேன். "பூஜெ ஆய்த்தல்லா சாமி? பிரசாத கொடி."

பிரசாதம் கேட்கும் கிழவிக்கு யார்தான் இல்லை என்பார்கள்? அவரே மாலையைக் கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். ஃபேன் அடங்கியது. விளக்கு பச்சையானது. அப்புறம்தான் கவிதா முகத்தில் சிரிப்பு வந்தது.

இப்போது அவள் ரிப்போர்ட் எழுதுகிறாள். சூடு எப்படிக் குறைந்தது என்று எழுத வேண்டுமாம். என்ன எழுதலாம், படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.