அத்தா பேசிய பி பக்கம்

வீட்டின் மேல் மாடியில் புதிதாக இரண்டு அறை எடுக்கிறேன். எடுக்கிறேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எடுப்பது என் மனைவி. நான் செங்கல்லுக்கும் மணலுக்கும் இடையில் வழிமறித்துக்கொண்டு நடப்பவன். போன வாரம் வந்த இளம் இன்ஜினியர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, வைஃபை பெட்டி எங்கே, கேமரா எத்தனை, ஏசி எந்தச் சுவரில், கார் சார்ஜ் போட எங்கே பைப் விடுவது என்று வரிசையாகக் கேட்டார். "எல்லாத்தையும் கான்கிரீட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க சார். பத்து வருஷத்துக்கு யோசிச்சுச் சொல்லுங்க." அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு யோசித்தாலே தலை சுற்றும் ஆள் நான். மனைவி இதைச் சோம்பல் என்கிறாள். சோம்பலும்தான். ஆனால் ஒரு வீட்டுக்குள் எங்கெங்கே பைப் போகவேண்டும் என்று நான் ஏற்கெனவே ஒருமுறை முடிவு செய்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அத்தா அப்போது சபரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், இருந்தார். வளைகுடாவில் ஏதோ ஓர் எண்ணெய்க் கம்பெனியின் கேம்ப். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். ஆனால் கூப்பிடுவதற்கு ஆள் எதிரில் இருக்கவேண்டுமே, அதனால் அந்தச் சொல்லை நான் பெரும்பாலும் டேப் ரெக்கார்டரைப் பார்த்தே சொல்லிப் பழகியிருந்தேன். கடிதம் எழுதுவது அவருக்கு வராது. கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நாங்கள் கேட்டு முடித்து, அதே கேசட்டில் அவர் பேச்சின் மேலேயே எங்கள் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். பாலக்கரையில் எங்கள் தெருவில் சபர்க்காரர் வீடு எல்லாவற்றிலும் இதுதான் நடைமுறை. ஒரே கேசட் நாலைந்து முறை கடல் தாண்டியிருக்கும். கூர்ந்து கேட்டால் போன நோன்புப் பெருநாளில் அம்மா சிரித்த சிரிப்பு அடியில் எங்கோ மிச்சமிருக்கும்.

காஜாமலைப் பக்கம் வீடு கட்டத் தொடங்கியிருந்தோம். சுவர் எழும்பி, பலகை அடித்து, கம்பி கட்டி, கூரைக்குக் கான்கிரீட் போட நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் எலக்ட்ரீசியன் வந்து கம்பிகளுக்கு இடையில் ஒயர் ஓடும் பைப்களைப் படுக்க வைக்கவேண்டும். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். காவிரிப் பாலம் தாண்டி சைக்கிளில் வருவார். எதைச் சொன்னாலும், "வைகுண்ட ஏகாதசிக்கு சீரியல் செட் போட்டவன்மா நான்" என்பார். அதற்குமேல் யாரும் பேச முடியாது. பெருமாளே குறை சொல்லாத வேலையை நாம் எப்படிச் சொல்வது?

அம்மாவுக்கு அந்த வீட்டைப் பற்றி மூன்று ஆசைகள் இருந்தன. ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு, அதற்கு மோட்டார் வைக்க ஒரு பிளக். சமையல்கட்டில் கிரைண்டருக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று. அப்புறம், சொல்லவே கூச்சப்பட்டுக்கொண்டு, சமையல்கட்டில் ஒரு ஃபேன். மூன்றையும் எலக்ட்ரீசியனிடம் நாலு தடவை சொல்லிப் பார்த்தார். நாலு தடவையும் ஒரே பதில்தான். "பாய் என்ன சொல்றாரோ கேட்டுக்கிட்டுப் பண்ணிடுவோம்மா. வீடு அவரோடது பாருங்க."

பாய் சொன்ன கேசட் பைப் போடுவதற்கு முந்தின நாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஏ பக்கம் குடும்பத்துக்கு, பி பக்கம் முழுக்க வீட்டு வேலைக்கு என்று அட்டையில் எழுதியிருந்தார். ஏ பக்கத்தை அம்மா உடனே கேட்டார். பி பக்கத்தைக் காலையில் எலக்ட்ரீசியனை வைத்துக்கொண்டு கேட்கலாம், நமக்கு ஒன்றும் புரியாது என்று எடுத்து வைத்துவிட்டு, சுவருக்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பிப் போனார்.

எனக்கு அத்தாவிடம் தனியாகக் கேட்கவேண்டியவை இருந்தன. ரிமோட் கார் ஒன்று. அம்மா எதிரில் கேட்டால் கணக்குப் பரீட்சை மார்க்கும் பதிவாகிவிடும். கேட்டு முடித்த பக்கத்தில் பதில் பதிவதுதானே வழக்கம் என்று கேசட்டைச் செருகி, இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பேசினேன். காரின் நிறத்தைச் சொன்னேன். சக்கரத்தின் அளவைச் சொன்னேன். பேச்சு தீர்ந்ததும், கேசட் மிச்சமிருக்கிறதே என்று ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை நானே ஆடி, நானே வர்ணனையும் செய்தேன். கைதட்டலும் நான்தான். என் குரலை நானே கேட்டு மகிழ்வதற்காகச் சுற்றிப் போட்டபோதுதான் தெரிந்தது, செருகியது பி பக்கம்.

வர்ணனை ஓய்ந்த இடத்தில் அத்தாவின் குரல் ஒரு வரிக்கு மட்டும் வந்தது. "...இது ஒன்னு மட்டும் மறந்துடாதீங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். வஸ்ஸலாம்."

வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் நான் சிக்ஸர் அடித்தேன். அத்தா மறந்துடாதீங்க என்றார். கடைசியில், இருப்பதிலேயே மோசமான முடிவை எடுத்தேன். டேப்பை முழக் கணக்கில் உருவி, சிக்கலாக்கி, மிஷின் தின்றுவிட்ட மாதிரி தொங்கவிட்டேன்.

காலையில் அம்மா அந்தச் சிக்கலைக் கையில் ஏந்தியபடி நின்றார். எலக்ட்ரீசியன் வாசலில் சைக்கிளோடு நின்றார். அத்தாவுக்குக் கடிதம் போட்டு பதில் வர ஒரு மாதம் ஆகும். கான்கிரீட் ஆட்களை விட்டால் சமயபுரம் தேர் முடிந்துதான் திரும்பப் பிடிக்க முடியும்.

"நான் கேட்டுட்டேன்மா," என்றேன். "சிக்குறதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்கு."

அம்மா என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த சிக்கலைப் பார்த்தார். பிறகு, "அப்ப நீயே போய்ச் சொல்லு," என்றார்.

பலகைமேல் ஏறினேன். கம்பிகளுக்கு நடுவில் கால் வைத்து நடக்க நடக்கத் தைரியம் வந்தது. 'மத்ததெல்லாம் உங்க இஷ்டம்' என்று அத்தாவே சொன்னது சட்டப்படி எனக்கும் பொருந்தும் என்று பட்டது. ஹாலில் ரெண்டு ஃபேன் என்றேன். போட்டார். டிவி நான் படுக்கிற அறையில் என்றேன்.

"பையன் ரூம்லயா? பாய் அப்படியா சொன்னாரு?"

"ஆமா. எனக்குக் கண்ணு நல்லாயிருக்குன்னு சொன்னாங்க."

எலக்ட்ரீசியன் என்னையும் வானத்தையும் பார்த்துவிட்டுப் பைப்பை அறுத்தார். அடுத்து என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்போது கீழிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, ஜன்னலோரம் தையல் மிஷினுக்கு பிளக்கு சொன்னாங்கல்ல, அதை விட்டுட்டியே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாம், சொன்னாங்க," என்றேன்.

"கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் தனித்தனியா சொன்னாங்களே?"

"தனித்தனியா."

"சமையல்கட்டுல ஃபேனு?"

எலக்ட்ரீசியன் கத்தியைக் கீழே வைத்தார். "அடுப்படியில எவனாவது ஃபேன் போடுவானாம்மா? கேஸு அணைஞ்சு போயிடும். சீரியல் செட் போட்டவன்—"

"பாய்தாங்க சொல்லியிருக்காங்க," என்றார் அம்மா, அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டிராத பணிவோடு. "அடுப்புக்கு நேரா வேணாமாம். கொஞ்சம் தள்ளியாம். அவங்க சொல்லிட்டாங்க, நாம என்னங்க பண்றது?"

பாய் சொல்லிவிட்டார். எலக்ட்ரீசியன் போட்டுவிட்டார்.

அன்று முழுவதும் அம்மாவின் பின்னாலேயே சுற்றினேன். அம்மா பி பக்கத்தை எப்போது கேட்டார்? கேட்டிருந்தால் ஏன் என்னைப் போட்டுக்கொடுக்கவில்லை? ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அடி விழும் என்று காத்திருந்தேன், குழம்புதான் விழுந்தது. அம்மாவும் அதைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைக்க முப்பது வருடமும் ஒரு கல்யாணமும் ஆயிற்று. மறுநாள் ஜல்லியும் சிமெண்டும் அத்தனை பைப்பையும் மூடின. அந்தக் கடைசி வரியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அத்தா லீவில் வந்தார், பெட்டியில் புது டெலிபோன் ஒன்றோடு. குடிபுகுந்ததற்கு விருந்து. எலக்ட்ரீசியன், பூச்சு வேலை பார்த்த கொத்தனார் எல்லோருக்கும் அழைப்பு. அத்தா அறை அறையாக நடந்தார். நான் பின்னாலேயே, ஓடுவதற்கு வசதியான தூரத்தில். என் அறையில் டிவியைப் பார்த்தார். சமையல்கட்டில் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அதன் கீழே நின்றிருந்த அம்மாவையும் பார்த்தார்.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே போட்டாச்சு பாய்," என்றார் எலக்ட்ரீசியன். "எதையாச்சும் விட்டுட்டனா?"

"இல்லைங்க," என்றார் அத்தா. "சொன்னது சொன்னபடி இருக்கு."

பாலைவன வெயிலில் இருந்தால் ஞாபகம் மங்கிவிடும்போல என்று முடிவு கட்டினேன். அல்லாஹ்வுக்கு நன்றியும் சொன்னேன்.

பந்தி முடிந்து எல்லோரும் வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, அத்தா அந்த டெலிபோனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னறையில் தனியாக நின்றிருந்தார். வாசலை ஒட்டிய சுவரில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கையை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். மூலைவரை போய், அங்கே கொஞ்சம் நின்று, மறுபடி திரும்பி வந்தார்.

"என்னத்தா பாக்குறீங்க?"

கையை எடுத்துக்கொண்டார். "ஒன்னுமில்லடா. சுவரு நல்லா வழவழன்னு வந்திருக்கு."

எனக்கு ஒரே சந்தோஷம். வெளியே ஓடிப்போய்க் கொத்தனாரிடம், உங்க பூச்சு வேலை அத்தாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ரெண்டு தடவை தடவிப் பார்த்தார் என்று சொன்னேன்.