கண்ணாடி வழியே வந்த வெயில்

இளக்கம் முதலில் என் கையில் தட்டுப்பட்டது துரையின் முதுகில்தான். துரை எங்கள் வீட்டு நீராமை. மகள் பல்கலைக்கழகம் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன சீவன். தண்ணீர் மாற்றுவதற்காகத் தூக்கினேன். பெருவிரல் பட்ட இடத்தில் ஓடு உள்ளே அமுங்கியது. ஆமை ஓடு அமுங்குமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருந்தாள், என் மனைவி செல்வி. இடுப்பும் தொடையும் நோகிறது என்று தொடங்கி, மாடிப்படியில் கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறும் நிலைக்கு வந்திருந்தாள். வயது, குளிர், யோசனை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் எங்கள் குடும்ப டாக்டர்தான் இரத்தம் சோதித்துப் பெயர் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர் அவர். ஒஸ்டியோமலேசியா (எலும்பில் சுண்ணாம்புச் சத்து சரியாகப் படியாமல் அது மென்மையாகிவிடுவது). விற்றமின் டி (தோலில் வெயில் பட்டால் உண்டாகும் சத்து, அது இல்லாமல் கல்சியம் உடம்பில் சேராது) மிகக் குறைவாம்.

"கால்சியமும் டியும் சேர்ந்த மாத்திரை தர்றேன், தினமும் போடுங்க. வெயில்லயும் கொஞ்ச நேரம் உக்காருங்க," என்றார்.

செல்வி உட்கார்ந்தாள். முன் அறை ஜன்னலோரம் கதிரை (நாற்காலி) போட்டு, கார்டிகனும் காலுறையுமாக. துரையின் தொட்டியும் அங்கேதான். நாங்கள் இருக்கிற செவன் கிங்ஸில் வெயில் வருவதே அருமை. வந்தால் அந்த ஜன்னலுக்குத்தான் வரும். திறந்தால் குளிர். ஆகவே பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் சுகமாகக் காய்ந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

துரைக்கு நான் செய்யாதது இல்லை. நான் வயரிங் வேலை செய்பவன். தொட்டிக்கு மேலே நல்ல பல்பு ஒன்று பூட்டினேன். செல்லப்பிராணிக் கடைக்காரன் கல்சியத்துக்குக் கணவாய் மீனின் ஓடு போடச் சொன்னான். மீன்கடையில் குப்பைக்குள் எறிகிற அதே ஓட்டை அவன் பெட்டியில் அடைத்து விற்கிறான்! நான் மீன்கடையிலேயே கேட்டு வாங்கி, அவித்து மிதக்கவிட்டேன். துரை கொறித்தது. ஓடு இறுகவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம், துரைக்கும் சைவம். மற்ற நாளில் செல்வி மீன் கொடுப்பாள், தொண்டையில் குத்தும் என்று முள்ளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு.

அவளுடைய நோவும் குறையவில்லை. கேட்டால், குளிசை (மாத்திரை) எடுக்கிறேன் என்பாள். பெட்டியும் காலியாகிக்கொண்டுதான் வந்தது. டாக்டர் மறுபடி இரத்தம் சோதித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். அளவு ஏறவே இல்லை. குடல் மருந்தை உறிஞ்சவில்லையோ தெரியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்ப்போம் என்றார். எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் பயந்தேன்.

அதற்குள் துரை பின்னங்கால்களை இழுக்கத் தொடங்கியது. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இளம் வெள்ளைக்காரப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பெல்லாம் மங்கல் என்றார். கல்சியத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கணவாய் ஓடு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். செல்வி நிலத்தைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்.

"என்ர குளிசையைத்தான் இடிச்சு இதின்ர தண்ணிக்குள்ள போடுறனான்."

"எப்ப தொடக்கம்?"

"முதுகு அமுங்கின நாள் தொடக்கம். எனக்கு அது வயித்தைக் கட்டுது. வெயில் இருக்குத்தானே எண்டு விட்டிட்டன். இது வாயில்லாத சீவன், ஆரிட்டைப் போய்ச் சொல்லும்?"

கோபமா சிரிப்பா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வைத்தியர் சிரிக்கவில்லை. மனிதர் மாத்திரை ஆமைக்கு வேண்டாம், டி சத்து மிஞ்சினால் சிறுநீரகம் பழுதாகும், பெரும்பகுதி தண்ணீரில் கரைந்தது நல்லதாகப் போயிற்று என்றார். டி சேராத வெறும் கல்சியப் பொடியை இரையில் தூவச் சொன்னார். சின்ன மீனை முள்ளோடு கொடுக்கச் சொன்னார். பிறகு, துரை எங்கே வெயில் காய்கிறது என்றார். ஜன்னலோரம் என்றேன், பெருமையாக.

"கண்ணாடி வழியாக வருவது சூடும் வெளிச்சமும்தான். எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்."

சாதாரண பல்பிலும் அந்தக் கதிர் இல்லையாம். அதற்கென்று தனி விளக்கு இருக்கிறதாம். வயரிங்காரன் எனக்கு மானம் போயிற்று.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. செல்விக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். அவள் துரையைப் பார்க்கவில்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான்?" என்றாள்.

டாக்டரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று, வயிற்றைக் கட்டாத வேறு மருந்து எழுதினார். இதைப் படிக்கிறவர்களுக்கு என்னிடம் புத்திமதி அதிகம் இல்லை. வீட்டில் இரண்டு சீவன் சுகமில்லாமல் கிடந்தால், யாருடைய மருந்து யாருடைய வாய்க்குப் போகிறது என்று கூட நின்று பாருங்கள்.

துரைக்குச் சரியான விளக்குப் பூட்டினேன். தேறுவது மெதுவாகத்தான் நடந்தது. இன்று நல்லது என்று நினைத்தால் நாளைக்குப் பழையபடி. ஒருநாள் குசினியில் (சமையலறையில்) நிற்கும்போது, செல்வி படியில் நிற்காமல் ஏறுகிற சத்தம் கேட்டது. எப்போதிருந்து அப்படி ஏறுகிறாள் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

இப்போது வெயில் வந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வளவுக்குப் போகிறார்கள். துரை தண்ணீர் விட்ட பேசினுக்குள், பாதி நிழலில். செல்வி கார்டிகன் இல்லாமல், வெறுங்காலோடு. துரையின் ஓட்டில் பழைய வளைவு அப்படியே இருக்கிறது. அது இனி நேராகாதாம். சுற்றி வளர்ந்த புது விளிம்பு மட்டும் கல்லுப்போல. வழக்கம்போல முதலில் அதை அமத்திப் பார்த்தேன். பிறகு செல்வியின் முழங்காலுக்குக் கீழே எலும்பை.

"நோகுதோ?"

"இல்லை. உங்கட காலை ஒருக்கால் அமத்திப் பாருங்கோ."

அமத்தினேன். இத்தனை வருசமும் வீடுகளின் கூரைக்குள்ளும் தரைப் பலகைக்குக் கீழேயும் ஊர்ந்து திரிந்த கால். நோகிற மாதிரியும் இருந்தது, நோகாத மாதிரியும் இருந்தது. எப்போதும் இப்படித்தானா, புதிதா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செல்வி கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். நான் காலுறையைக் கழற்றினேன்.