மூடிப்போன பிராந்திக் கடைக்கு எதிர்ச் சந்து

கும்மிடிப்பூண்டி பஜாரின் பழைய கடைகளெல்லாம் எனக்கு வரிசையாக மனப்பாடம். அந்தக் கர்வம்தான் போன மாதம் என் மனைவியின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

அவளுக்குத் திடீரென்று நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் டிரைவரிடம் போனில், "பிராந்திக் கடைக்கு எதிர்ச் சந்து, சைக்கிள் கடை தாண்டி" என்றேன்.

"இன்னா சார், இங்க எல்லாம் செல்போன் கடைங்கதான் கீது!"

இரண்டு கடைகளும் மூடிப் பல வருடமாயிற்று. மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டே போனைப் பிடுங்கினாள்.

"மெடிக்கல் பக்கத்துச் சந்துப்பா. இவரு இன்னும் பிராந்திக் கடைலயே குந்திகினு கீறாரு."

பிழைத்துக்கொண்டாள். நான் இப்போது ஞாயிறுதோறும் பஜாரைச் சுற்றி, இன்றிருக்கும் பெயர்ப்பலகைகளை உருப்போடுகிறேன். வீடு திரும்பியதும் பரீட்சை வைப்பவள் அவள்தான். நான் பெயிலானால் அவள் விடுவதாக இல்லை.