வெயில் பட்ட மஞ்சள், படாத மஞ்சள்

காலை ஆறே முக்காலுக்குச் சென்ட்ரலில் திருத்தணி மின்ரயில் ஏறினேன். மடியில், பழைய வேட்டியில் சுற்றிய ஒரு வால்நுனி. சிறு விமானத்தின் வால் உச்சியில் தொப்பிபோல் கவிழ்ந்திருக்கும் ஃபைபர் மூடி அது. முழங்கை நீளம், கனமே இல்லை.

"பலாப்பழமா சார்?" என்றார் எதிரே இருந்தவர்.

"ஏரோப்பிளேன் வால்."

"காலங்காத்தால நக்கலா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விமானம் என் தோழி மங்கையினுடையது. நான்கு பேர் அமரும் பழைய வண்டி. எங்கள் இருவரையும்விட மூத்தது. வால்மூடியில் விழுந்த விரிசலைப் பொறியாளர் அடைத்துவிட்டார். மிச்சம் நிறம்தான். மங்கையின் அம்மா பல வருட மறுப்புக்குப் பின் வரும் ஞாயிறு அதில் பறக்கச் சம்மதித்திருந்தார். கூடவே ஒரு வார்த்தை: "எங்கேயாவது ஒட்டு தெரிஞ்சுது, நான் ஏறமாட்டேன்." அம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சென்னையில் கணினி கலந்து கொடுத்த மஞ்சள் இரண்டு முறையும் புதுப் பள்ளிப் பேருந்துபோலக் கத்தியது. பழைய லாரிகளுக்கு ஒட்டு தெரியாமல் பெயின்ட் அடிக்கும் காஜா பாய் திருத்தணியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், ஓரிடத்தில் இருக்கத் தெரியாத நான் கிளம்பிவிட்டேன்.

அரக்கோணம் தாண்டியதும் வயல்கள் மிதக்கத் தொடங்கின. மடியில் வால் இருந்ததாலோ என்னவோ, ரயில் தண்டவாளத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே ஓடுவதாகப் பட்டது. தூரத்து மலை பனியில் பாதி கரைந்து, கோபுரம் மட்டும் காற்றில் நின்றது.

ஒன்பதே கால். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய், சித்தூர் சாலை. காஜா பாய் மூடியைப் புரட்டிப் பார்த்தார். "இன்னா சார் பெரிய கலரு! நான் அடிக்காத மஞ்சளா?"

கலந்தார். விரிசல் தடத்தின் மேல் ஒரு சொட்டு வைத்தார். காய்ந்தால்தான் நிறம் தன் முகத்தைக் காட்டும், காத்திருந்தோம். பிறகு மூடியைத் தெரு வெயிலில் வைத்தார். அங்கே அதுதான் வழக்கம். தெருவே தீர்ப்புச் சொல்லும்.

"சம்பங்கி மேல சாமந்திய வெச்சாமாரி கீது," என்றார் பக்கத்துப் பூக்கடை தேசம்மா.

"ஒனக்கு எல்லாமே பூ தான்," என்ற பாய் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கலந்தார். இம்முறை ஓர் ஆட்டோக்காரர் மூடியைத் தூக்கித் திருப்பினார். "பாய், இந்தப் பக்கம் ஒட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் பல்லிளிக்குது."

அப்போதுதான் கண்டோம். விரிசல் உச்சியில் தொடங்கி இரு பக்கமும் இறங்கியிருந்தது. அந்த இரு பக்கமும் ஒரே நிறமாக இல்லை. வருடக்கணக்கில் வடக்கு பார்த்தே நின்ற விமானம். மேற்கு வெயில் குடித்த இடப்பக்கம் மோராக வெளுத்திருந்தது. பக்கத்து விமானக் கொட்டகைச் சுவரின் நிழலில் கிடந்த வலப்பக்கம் இன்னும் எலுமிச்சை.

"ரெண்டுல எதுக்கு சார் கலக்குறது?" பாய் தலையைச் சொறிந்தார்.

"தனித்தனியா கலக்கு. ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல எவன் நைனா பாக்கப் போறான்?" என்றார் தேசம்மா, பூவிலிருந்து கண்ணெடுக்காமல்.

மங்கையைக் கேட்கலாமென்று போன் செய்தேன். எடுத்தது அம்மா. திருத்தணியில் இருக்கிறேன் என்றேன்.

"எதுக்குப்பா அவ்வளவு தூரம் போயிருக்கே?"

மழுப்ப வரவில்லை. "வால்ல ஒரு விரிசல்மா. அடைச்சாச்சு. இடப்பக்கத்துக்கு ஒரு மஞ்சள், வலப்பக்கத்துக்கு ஒரு மஞ்சள் கலக்குறாங்க."

மறுமுனையில் குக்கர் விசிலடித்தது. "இரு, அடுப்பை அணைச்சுட்டு வரேன்," என்று அம்மா போனார். மங்கையின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அப்போ ஒட்டு தெரியாதுன்னு சொல்லு. எத்தனை மணிக்குக் கிளம்புறோம்?" என்றார் அம்மா.

"காலையில எட்டு மணிக்கும்மா."

"எந்தப் பக்கமா போவோம்?"

"தெற்கே. கடலோரமா."

"அப்போ வெயில் இடப்பக்கம்தான் அடிக்கும். என்னை வலது ஜன்னல்ல உட்கார வைக்கச் சொல்லு."

தெரு இரண்டு பக்கத்து மஞ்சளையும் ஒப்புக்கொண்டதும், பாய் ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டார். தேசம்மா ஒரு முழம் சம்பங்கியை மூடியின் மேல் போட்டு, காசு வேண்டாம் என்றார். மாலை ரயிலில் நானும் நிழல் பக்கமாகவே இடம் பிடித்தேன். ஆனால் மூடியை மட்டும் எதிர் ஜன்னலோரம் வைத்தேன். புது மஞ்சள் இரண்டும், இனிமேல் குடிக்கப்போகும் வெயிலை அங்கிருந்தே குடிக்கத் தொடங்கட்டும் என்று.