ஐஸ் வியர்க்கும்வரை

எங்கள் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'வலிக்கும் நர்சம்மா'. மற்றவர்கள் "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே குத்துவார்கள். இவர் "வலிக்கும். அஞ்சு எண்ணு, போயிடும்" என்பார். மூன்று எண்ணுவதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். அழ நினைத்த பிள்ளை எண்ணிக்கை மிச்சம் இருக்கிறதே என்று முழிக்கும்.

நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். முகாம் நாட்களில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவேன். முகாம் நாள் காலையில் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்குகளை எடுத்து மேசைமேல் பரப்புவார். உடனே பெட்டியில் அடுக்கமாட்டார். அவை வியர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டுவார். உள்ளே தண்ணீர் சளக்கென்று அசைந்தால்தான் அது பெட்டிக்குள் போகும். "சூடு மருந்தைக் கெடுக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதிகக் குளிரும் கெடுக்கும்னு யாருக்கும் தெரியாது" என்பார். பஸ் போனாலும் அவசரப்படமாட்டார்.

ஒரே ஒரு நாள் அவசரப்பட்டார்.

துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண். மூத்த பிள்ளைக்கு ஊசி போட்ட அன்று காய்ச்சல் கொதித்ததாம். மாமியார் பேசிய பேச்சில் அடுத்த குழந்தைக்கு நாலு மாதமாகியும் ஓர் ஊசிகூடப் போடவில்லை. நர்சம்மா அவள் வீட்டுக்கு ஆறு தடவை போனார். ஐந்து தடவை கதவே திறக்கவில்லை. ஆறாவது தடவை கதவிடுக்கில் பாதி முகம் தெரிந்தது.

"கம்பெனிக்கு வாங்க. பிள்ளைய அங்கதான் ஆயாகிட்ட விடுவேன். பத்து மணிக்கு டீக்கு விடுவாங்க, அப்பப் போட்டுடலாம். அத்தைக்குத் தெரியக் கூடாது. ஒரு தடவதான் ஒத்துக்குவேன், சொல்லிட்டேன்."

கம்பெனியில் முகாம் வைத்த அன்று காலை, விழுந்து நெற்றி கிழிந்த ஒரு கிழவருக்குக் கட்டுப் போட்டதில் நேரம் ஓடிவிட்டது. நர்சம்மா ஐஸ் பேக்குகளை எடுத்த கையோடு அடுக்கி மூடினார். நான் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. அவருக்குப் போய் நான் சொல்வதா?

கம்பெனியின் சாப்பாட்டு அறையில் பெண்கள் டெட்டனஸ் ஊசிக்கு வரிசையில் நின்றார்கள்.

"நாள் முழுக்க விரல்ல ஊசி குத்திக்கறோம். அதுக்கு இன்னொரு ஊசியா நர்சம்மா?"

"மேஸ்திரி அண்ணன் எங்கடி? ஓ, சிங்கம் கடைசில நிக்குது!"

அந்தத் தையல்காரி குழந்தையோடு முதலில் வந்து உட்கார்ந்து, அதன் தொடையைத் திறந்து காட்டினாள். நர்சம்மா மருந்துப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. மருந்து கட்டியாக உறைந்திருந்தது. மற்றப் புட்டிகளும் அப்படித்தான்.

உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சீக்கிரம் உருகிவிடும். அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவராது. நர்சம்மா புட்டியைக் கீழே வைத்தார்.

"மருந்து உறைஞ்சு போச்சும்மா. இதைப் போடக் கூடாது. அவசரத்துல தப்பா அடுக்கிட்டேன். தப்பு என்னோடது."

"உருகினா சரியாயிடாதா? டீ டைம் முடியுது, போட்டு அனுப்புங்க" என்றார் மேஸ்திரி.

"உருகினா பாக்கறதுக்கு மருந்து மாதிரி இருக்கும். பிள்ளையைக் காப்பாத்தாது."

தையல்காரி எழுந்துவிட்டாள். "ஆறு தடவ வந்து கெஞ்சினது இதுக்குத்தானா? மூத்தவனுக்கும் இப்படித்தான் எதையாவது போட்டீங்களா?"

"அன்னிக்குப் போட்டது நான் இல்ல. ஆனா நல்ல மருந்துக்கும் காய்ச்சல் வரும்மா. ஒரு நாள் ரெண்டு நாள்ல விட்டுடும். அதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவள் குழந்தையின் தொடையை மூடிக்கொண்டு போய்விட்டாள். வரிசையும் கலைந்தது.

திரும்பி வந்ததும் நர்சம்மா பதிவேட்டை எடுத்தார். வீணான மருந்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் 'என் அவசரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கரண்ட் போனது என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பிறகு ஃப்ரீசரிலிருந்து வேறு ஐஸ் பேக்குகளை எடுத்து மேசைமேல் பரப்பி, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவை வியர்க்கும்வரை எழுந்திருக்கவில்லை.

சாயங்கால டீ நேரத்துக்குப் புது மருந்தோடு மறுபடியும் அங்கே போய் நின்றோம். மேஸ்திரி வாயைப் பிளந்தார். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் போட்டு முடிந்தபின், தையல்காரி வெறுங்கையோடு வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"இப்ப மட்டும் சரியா இருக்கும்னு எப்படித் தெரியும்?"

நர்சம்மா ஒரு ஐஸ் பேக்கை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். "காதுல வெச்சு ஆட்டுங்க. தண்ணி சத்தம் கேக்கணும்."

அவள் ஆட்டினாள். கண்ணை மூடி இன்னொரு தடவை ஆட்டினாள். போய்க் குழந்தையை எடுத்து வந்தாள்.

"வலிக்குமா?"

"வலிக்கும். இன்னிக்குக் காய்ச்சலும் வரலாம். காய்ச்சல் மருந்து எத்தனை சொட்டு கொடுக்கணும்னு எழுதித் தர்றேன்."

"அத்தை கேட்டா?"

"நான் காலைல வீட்டுக்கு வர்றேன். என்னைத் திட்டட்டும்."

"வாங்க. கதவு திறந்திருக்கும்" என்றாள். குழந்தைக்கு எண்ணத் தெரியாதே, அவளே எண்ணத் தொடங்கினாள். "ஒண்ணு... ரெண்டு..."