அம்மா எடுத்த வசன அட்டை

புத்தாண்டுக் காலையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா வீட்டார் போகும் சர்ச்சில், ஒரு தாம்பாளத்தில் பைபிள் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்கக் கடவுள் நமக்கென்று சொல்லும் வார்த்தை அது. எடுத்தவர் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

அந்த வருஷம் அம்மா கைக்கு வந்தது ஆங்கில அட்டை. அம்மாவுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான், ஆறாம் வகுப்பு. அம்மாவுக்குப் பதிலாக எழுந்து நின்று, டீச்சர் பழக்கியிருந்தபடி மரியாதையாகவே தமிழில் சொன்னேன்: "பயப்படாதீர்கள், என் கையால் உங்களைத் தாங்குவேன்."

சர்ச்சே சிரித்தது. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த பெரியப்பா மட்டும் சிரிக்காமல் அட்டையை வாங்கிக் காட்டினார்.

"ஏலே, சாமி நம்மள நீங்கன்னா சொல்லுவாரு? பாரு, வரிக்கு நடுவுலயும் அவருக்கு 'My'ன்னு பெரிய எழுத்து. நமக்கு 'you'ன்னு சின்ன எழுத்து. நாமதான் அவர நீர், உம்மைன்னு சொல்லணும். அவருக்கு நாம நீதான்."

"இருக்கட்டும் அத்தான், பிள்ள வாசிச்சதும் நல்லாத்தான இருக்கு" என்றாள் அம்மா, மெல்ல.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலை பாதி உடம்பை மஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எங்கள் கூடவே மிதந்து வந்தது. அம்மா அட்டையை என் மடியில் வைத்தாள்.

"இன்னொருக்கா வாசிய்யா."

பெரியப்பா சொன்னபடி, 'பயப்படாதே, உன்னை' என்று வாசித்தேன்.

"அது இல்லய்யா. மொத வாசிச்சேல்லா, அத."

"அது தப்பும்மா."

"தப்புன்னா என்ன, செத்த வாசியேன்."

வாசிக்கவில்லை. அத்தனை பேர் சிரித்த ரோஷம் எனக்கு. பேனாவை எடுத்து, அட்டையின் பின்பக்கம் திருத்தமான வசனத்தை எழுதிக் கொடுத்தேன். அம்மா அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. லீவு நாளில் நான் சோறு கொண்டுபோகும்போது உள்ளேயிருந்து சூப்பர்வைசர் குரல் கேட்கும்: "ஏட்டி, இங்க வாட்டி." பேர் சொல்லாவிட்டாலும் அம்மா எழுந்து போவாள்.

இப்போது நான் ஆங்கில வேதாகமங்களைப் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். கடவுளைச் சுட்டும் சொல்லுக்குச் சில மொழிபெயர்ப்பாளர்கள் பெரிய எழுத்துப் போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. மரியாதையைச் சொல்லிலேயேதான் வைத்தாக வேண்டும். பெரியப்பா சொன்னது சரிதான்.

அம்மாவை யாராவது 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. முதன்முதலாக அப்படிச் சொன்ன சாமியையும், ராஜபாளையம் வருமுன்னே நான் திருத்திவிட்டேன்.